எதிர்ச் சரிவில் வெளிச்சம்

என் கணவர் இறந்த பிறகும், பதினோராவது மாதம் வரைக்கும் எனக்கு லைட் அடித்துக்கொண்டிருந்தார். இப்படி ஆரம்பித்தால் பேய்க் கதை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. நம்பாதவர்களிடம் அது வராது என்று யாரும் எழுதிக் கொடுத்ததும் இல்லை.

முதலில் இந்த லைட் அடிக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வில்பட்டிப் பக்கம் ஒரு சரிவில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே பள்ளம், பள்ளம் நிறையப் பூண்டும் கேரட்டும், அதைத் தாண்டி இன்னொரு சரிவு. டவுனிலிருந்து இறங்கி வரும் ரோடு அந்த எதிர்ச் சரிவில் ஒரே ஒரு வளைவில் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மரங்களுக்குள் போய்விடும். அந்த வளைவில் நிற்கிற வண்டி எங்கள் வாசலுக்கு நேராகத் தெரியும். அங்கிருந்து சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர கால் மணி நேரம் ஆகும். எங்கள் பக்கத்து லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவுக்கு வந்ததும் ஹெட்லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போடுவார்கள். வீட்டில் இருக்கிறவள் வாசல் பல்பைப் போடவேண்டும். வந்துவிட்டேன், சரி பார்த்துவிட்டேன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதற்கு அப்புறம்தான் வெந்நீர் அடுப்பில் ஏறும். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. பள்ளத்தில் டவர் கிடைக்காது என்பது ஒரு காரணம். பல்பு எரிவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது என்பது இன்னொன்று.

என் கணவர் ஓட்டியது காய்கறி லோடு வண்டி. வெள்ளனே கிளம்பி, பீன்ஸ், கேரட், பட்டர் ஃப்ரூட் என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை ஏற்றிக்கொண்டு, பழனி வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, பொழுது சாயும்போது திரும்புவார். நான் டவுனில் ஒரு பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர்.

அது டவுனில் ஒரு காட்டேஜ் முதலாளியின் மகன் வெளியூருக்குப் படிக்கப் போகும்போது விற்றுவிட்டுப் போன கேமிங் கம்ப்யூட்டர். பக்கவாட்டில் கண்ணாடி பதித்த பெரிய கறுப்புப் பெட்டி. போட்டால் உள்ளே நீல வெளிச்சம் எரியும், ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும். வந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. அதில் இவர் விளையாடியது என்ன தெரியுமா? லாரி ஓட்டுகிற கேம். மேசையில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகி மாட்டிவைத்து, காலுக்குக் கீழே பெடல் போட்டு, குளித்துச் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி வண்டி ஏறிவிடுவார்.

"பகல் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து வீட்லயும் வண்டியா? வேற சோலியே இல்லையா உங்களுக்கு?" என்பேன்.

"இதுல மாடு குறுக்க வராது. போலீசு கை காட்ட மாட்டாக. ஓட்டுறதுல இருக்குற சொகமே இதுலதான்ப்பா தெரியுது" என்பார்.

அந்த கேமில் நாமே மலை எழுப்பி, ரோடு போட்டு, மரம் நட்டுக்கொள்ளலாம். இவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் உள்ள ரோட்டைச் செய்ய ஆரம்பித்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் செய்தார். போகிற வழியில் வண்டியை ஓரம் கட்டி வளைவு வளைவாகப் போட்டோ எடுத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துப் பார்த்து ரோட்டை வளைப்பார். எங்கே கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறது, எந்த டீக்கடைக்கு முன்னால் நாய் படுத்திருக்கும், எல்லாம் அதில் உண்டு. சமையலுக்குப் பொடி அரைத்து வரச் சொன்னால் மூன்று நாள் மறக்கிற மனுஷன் நாய் படுக்கிற இடத்தை மறக்கவில்லை.

ரோடு வளர வளர கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. காரணம் அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு. திரையில் எவ்வளவு தூரம் தெரிய வேண்டுமோ அவ்வளவையும் நொடிக்கு நொடி வரைந்து கொடுப்பது அந்தக் கார்டுதான். மரமும் வீடும் கூடக் கூட அதனால் முடியவில்லை. அதனால் இவர் தூரத்தைக் குறைத்துவிட்டுப் பனிமூட்டத்தைப் போட்டுவிட்டார். வண்டிக்கு முன்னால் நாலு மரம் தெரியும், அதற்கப்பால் எல்லாம் வெள்ளை. "கொடைக்கானல் ரோட்ல மிஸ்ட் இல்லன்னாத்தான் தப்பு" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

போன ஐப்பசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "புதுக் கார்டு ஒண்ணு போடணும்ப்பா. போட்டா அந்தாண்ட தெரியும்."

"அந்தாண்ட அப்பிடி என்ன இருக்கு?"

"போட்டதும் நீயே பாரு."

வண்டிக்குப் பின்டயர் இரண்டும் மொட்டையாகிக் கிடந்த நேரம் அது. எனக்கு எரிச்சலான எரிச்சல். "நெசத்துலயே வாசல்ல நின்னா ஒண்ணும் தெரியல. பொட்டிக்குள்ள தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? கார்டாம் கார்டு. அதையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தது இன்னும் எரிச்சல்.

என் கோபத்துக்கு ஆயுசு மூன்று நாள். எங்கள் அம்மா வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் சாயங்காலம் மழை விட்டு எதிர்ச் சரிவு கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது. நான் சமையலறை ஜன்னலோரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வளைவில் லைட் இரண்டு தரம் அணைந்து எரிந்தது. வாசல் பல்பின் சுவிட்ச் எனக்கு எட்டு அடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் வண்டி அங்கேயே நின்றது. மறுபடி இரண்டு தரம். நான் பீன்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டி மரங்களுக்குள் போய்விட்டது.

வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "வாசல் பல்பு பீஸ் போயிருச்சா?"

"ஆமா" என்றேன்.

"சரி. நாளைக்கு வாங்கியாரேன்."

வெந்நீரும் வைக்கவில்லை. பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று நாள் கணக்கில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்ததே.

மறுநாள் ஒட்டன்சத்திரத்தில் லோடு இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அசந்து தூங்குகிறார் என்று மண்டியில் யாரும் எழுப்பவில்லையாம். மாரடைப்பு என்றார் டாக்டர். எல்லாம் முடிந்த பிறகு மண்டிக்காரர் வண்டியில் இருந்த பொருள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். துண்டு, சீப்பு, செல்போன். அவற்றோடு அட்டைப் பெட்டி பிரிக்காத ஒரு புதுப் பல்பு.

அந்தப் பல்பை நான் யாருக்கும் காட்டவில்லை. கம்ப்யூட்டர் மேசையின் இழுப்பறையில் போட்டு மூடினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் இல்லாமல் போனதால் அது அப்படியே நின்றுவிட்டது. வாசலில் பழைய பல்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் வெளிச்சம் காட்டியது.

எங்கள் ஊரில் சும்மா கிடக்கிற எதுவும் பூத்துப்போகும். செருப்பு, பெல்ட், புத்தகம், எல்லாவற்றிலும் ஒரு மாதத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். கம்ப்யூட்டரும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் ஒருநாள் அதைப் போட்டேன். சூடேறட்டும் என்று. சூடேறும்வரை என்ன செய்வது என்று அந்த கேமைத் திறந்தேன்.

லாரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நின்றது. அவர் கடைசியாக விட்ட இடம். சீட் அவர் உயரத்துக்கு இருந்தது, பக்கக் கண்ணாடி அவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி திருப்பி இருந்தது. என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் திரையில் தெரிந்ததெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்தபடி. மாற்றவில்லை. மாற்றத் தெரியாது என்பதைவிட, மாற்ற மனசில்லை.

ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் ஒவ்வொரு மரத்திலும் இடித்தேன், ஒரு டீக்கடையையும் விடவில்லை. பழனி தாண்டி மலையேறப் பத்து நாள் ஆனது. கடைசியில் ஒரு சாயங்காலம், பனிமூட்டத்துக்குள் தட்டுத்தடுமாறி, எதிர்ச் சரிவு வளைவுக்கு வந்து சேர்ந்தேன். பார்த்ததும் தெரிந்தது, அதேதான். வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம், பள்ளத்தில் வெள்ளை. ரோடு அதற்கு மேல் இல்லை. வண்டி உருண்டு விழுந்துவிடாமல் இருக்க இரண்டு கல்லைக் குறுக்கே போட்டுவைத்திருந்தார். மிச்ச ரோட்டைப் போட அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை.

வண்டியை நிறுத்தினேன். திரை அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது. எரிந்தது.

இரண்டு தரம்.

நான் எழுந்து போய் வாசல் பல்பைப் போட்டேன். யோசித்துப் போடவில்லை, கால்தான் போனது. போட்டுவிட்டு வாசலில் நின்றபோது எதிர்ச் சரிவில் ஒன்றுமே இல்லை. இருட்டவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்த நேரத்தில் பூண்டுத் தோட்டத்தில் யாரோ மருந்து டப்பாவை உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அழுதேன் என்று சொன்னால் சுலபமாகப் போய்விடும். அழவில்லை. பயந்தேன். அந்தப் பயம் நாளைக்கும் வேண்டும் என்று இருந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. வேலைவிட்டு வந்து, லாரியை எடுத்து, மலையேறி, வளைவில் நிறுத்துவேன். வேறு எந்த இடத்திலும் இல்லாமல் அங்கே மட்டும் திரை இரண்டு தரம் அணையும். போய்ப் பல்பைப் போடுவேன். வெந்நீர்கூட வைத்திருக்கிறேன் சில நாள். லைப்ரரியில் அத்தனை மாதமும் எல்லோரும் 'தேறிட்டாங்க' என்றுதான் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

புரட்டாசி பிறந்ததும் திரையில் ஊதாக் கோடுகள் விழ ஆரம்பித்தன. அணைவது மூன்று தரம், ஐந்து தரம் ஆனது. ஒருநாள் வளைவில் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஸ்டியரிங் வாங்கிய பழனிக் கடையின் நம்பர் பெட்டியில் ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன். கடைக்காரருக்கு என் கணவரைத் தெரிந்திருந்தது.

"கார்டு சாகப் போகுதுக்கா. அதான்" என்றார்.

"ஒரே எடத்துலதான் தம்பி அணையுது. மத்த எடத்துல இல்ல."

"அப்ப அந்த எடத்துல ஏதோ லோடு சாஸ்தியா இருக்கு. மிஸ்ட்டுக்குள்ள நம்ம கண்ணுக்குத் தெரியாட்டியும் கார்டு அதைச் சுமந்துதானக்கா ஆகணும். கொண்டாங்க, புதுசு போட்ருவோம். கரண்டு குடுக்குற பவர் சப்ளை தாங்குமான்னும் பாக்கணும், பொட்டியோட கொண்டாங்க."

இரண்டு நாள் யோசித்தேன். நான் லோடு வண்டிக்காரர் பெண்டாட்டி, லோடு என்றால் எனக்குப் புரியும். ஒன்றுமில்லாத வளைவில் என்ன லோடு? 'போட்டா அந்தாண்ட தெரியும்' என்று அவர் சொன்னது அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது. கார்டை மாற்றினால் அவர் லைட் அடிப்பது நின்றுவிடும். மாற்றாவிட்டால் கார்டோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று தெரியாது. அந்த ரோடு ஒன்றுதான் அவர் கையால் செய்து மிச்சமிருப்பது. அதுவும் போனால் எனக்கு ஒரு பொய்யும் ஒரு பல்பும்தான் மிச்சம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். ஆனாலும் கிளம்பினேன்.

சனிக்கிழமை முதல் பஸ். நல்ல குளிர். முந்தின நாள் சாயங்காலமே பெட்டியை அவருடைய கம்பளியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டேன். பஸ்ஸில் அடிபடாது, பனி படாது என்று நினைப்பு. ஜன்னல் சீட்டில் அதை உட்கார வைத்து நான் அணைத்தபடி உட்கார்ந்தேன்.

கண்டக்டர் கம்பளியைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"ஆமா. பழனி ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றேன். சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

பழனி ரோட்டில் பஸ் இறங்கும்போது ஒவ்வொரு வளைவும் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. இதோ உடைந்த சுவர், இதோ டீக்கடை, இதோ நாய். நாய் படுத்திருந்தது. எத்தனையோ தரம் போன ரோடுதான், ஆனால் அன்றைக்கு அவர் செய்து வைத்ததற்குள் போகிற மாதிரியே இருந்தது. எதிரே வந்த லோடு வண்டி ஒன்றில் டிரைவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பழனியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. மொட்டை போட்ட தலைகளுக்கு நடுவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டே மேசையைக் காட்டினார். நான் கம்பளியைப் பிரித்தேன். பெட்டி ஐஸ் மாதிரி இருந்தது. கம்பளி மலைக்குளிரை அப்படியே உள்ளே கட்டிவைத்திருந்தது. பிரித்த கொஞ்ச நேரத்தில் பக்கக் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டு, முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது.

எங்கள் ஊரில் எந்தப் பொருள் ஈரமில்லாமல் இருக்கிறது? ஜன்னல், கட்டில், தீப்பெட்டி, எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துத்தான் நாங்கள் வாழ்கிறோம். என் கை முந்தானையை எடுத்துக் கண்ணாடியையும் பெட்டியையும் சுத்தமாகத் துடைத்தது. நோயாளிக்கு டாக்டர் வருவதற்கு முன் முகம் துடைத்துவிடுவது போல. வெளியே கோத்த தண்ணீர் உள்ளேயும் கோத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் போனை வைத்துவிட்டு வந்தார். "முதல்ல உள்ள இருக்கறதக் காப்பி எடுத்துருவோம்க்கா" என்று வயரைச் சொருகிப் போட்டார்.

ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே டப்பென்று ஒரு சத்தம். நீல வெளிச்சம் போய்விட்டது. கருகின வாடை வந்தது.

அவர் வயரைப் பிடுங்கினார். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மறுபடி சொருகப்போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஈரம் கீரம் பட்டுச்சாக்கா?"

என் வாயில் 'இல்லையே' என்ற வார்த்தை தயாராக இருந்தது. இது சத்தியம். பதினோரு மாதத்துக்கு முன்னால் 'ஆமா' வந்த அதே வேகத்தில் வந்து நின்றது. முந்தானை என் கையில் ஈரமாக இருந்தது.

"வேர்த்திருந்துச்சு தம்பி. நாந்தான் தொடச்சுட்டேன்" என்றேன்.

அவர் வயரைச் சுருட்டி அப்பால் வைத்தார். "சொன்னீங்க பாருங்க, பொழச்சுச்சு. இன்னொரு தரம் போட்டிருந்தேன்னா டிஸ்க்கும் போயிருக்கும். மேல இருந்து வர்றவுக எல்லாரும் இப்படித்தான்க்கா, பிள்ளையப் பொத்துற மாதிரி பொத்திக் கொண்டாந்துர்றீக."

பெட்டியைக் கழற்றினார். பழைய கார்டு செத்திருந்தது. அதன் ஃபேனில் சாம்பல் நிறத் தூசி அடை அடையாகப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுத் தூசி. அவர் அதை ஊதப் போனபோது, "இருக்கட்டும் தம்பி" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஹார்டு டிஸ்க்கைத் தனியாக எடுத்து டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்தார். "காயட்டும். இப்பவே சொல்ல முடியாது. போயி மலையேறி சாமி கும்பிட்டு வாங்க" என்றார்.

நான் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவுகூட இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும், நாயும் டீக்கடையுமாக, அதற்குள் ஏறியிருந்தது. சாமியை நான் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்றால், ரோட்டைக் கொடுத்துவிடு, அவர் லைட் அடித்ததை எடுத்துக்கொள் என்று. இப்படிப் பேரம் பேசுகிற புத்தியும் எங்கள் அம்மா வீட்டுப் புத்திதான்.

மத்தியானத்துக்கு மேல் தன்னுடைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். "இருக்குக்கா" என்றார். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். காப்பி எடுத்தார், புதுப் பவர் சப்ளையும் புதுக் கார்டும் போட்டார், ஏதேதோ தட்டினார். "தூரம் ஃபுல்லா வச்சிருக்கேன். மிஸ்ட்ட எடுத்தாச்சு. மேல போனதும் வெரசாப் போட்றாதீக. நாளைக்கு வரைக்கும் சும்மா கெடக்கட்டும்."

கெடக்கட்டும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. என் கணவர் ரோடு போடுகிற கிழமை. வெளியே நிஜப் பனிமூட்டம் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வாசல்படி வரை வந்திருந்தது. நாலு மணிக்குப் போட்டேன்.

ஃபேன் சத்தமே இல்லை. அந்தச் சத்தம் இல்லாதது வீட்டில் ஒரு ஆள் இல்லாததுபோல இருந்தது. லாரி மார்க்கெட்டில் நின்றது. சீட் அவர் உயரத்தில்தான். வண்டியை எடுத்தேன்.

எத்தனை செய்திருக்கிறார் இந்த மனுஷன்! மூட்டத்துக்குள் நான் பார்க்காமலே கடந்து போனது எவ்வளவு. பழனி கோயில் மலை தூரத்தில் தெரிந்தது. பாதி மலை ஏறியதும் கீழே சமவெளி விரிந்து கிடந்தது. ரோட்டோரத்தில் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. இதையெல்லாம் அவரும் பார்த்ததில்லை. அந்தப் பழைய கார்டில் நாலு மரத்துக்கு அப்பால் அவருக்கும் வெள்ளைதான். மேலிருந்து வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார், ஓட்டும்போது தெரியாது என்று தெரிந்தே.

வளைவுக்கு வந்தேன். குறுக்கே இரண்டு கல். வண்டியை நிறுத்தினேன். திரை அணையவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அணையவே இல்லை. பேரம் பேசினபடி எடுத்துக்கொண்டாயிற்று என்று நினைத்தேன். பிறகுதான் இடது பக்கம் பார்த்தேன்.

பள்ளத்தில் பூண்டு, பாத்தி பாத்தியாக. அதைத் தாண்டி எங்கள் சரிவு. சரிவில் எங்கள் வீடு. நீலத் தண்ணீர் டிரம், ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிற தகரக் கூரை, சமையலறை ஜன்னல். நான் மூன்று வருஷமாகப் பிடுங்கச் சொல்லியும் அவர் பிடுங்காத பேரிக்காய் மரம். அந்த வீட்டுக்கு ரோடு கிடையாது. வீட்டை முதலில் வைத்துவிட்டு, ரோட்டைக் கீழேயிருந்து போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பழைய கார்டு திணறித் திணறிச் சுமந்த லோடு எங்கள் வீடுதான்.

வாசலில் பல்பு எரிந்தது.

அதற்கு அணைகிற வழியே வைக்கவில்லை அவர். நான் கேமில் பகலாக்கிப் பார்த்தேன், சாயங்காலமாக்கிப் பார்த்தேன், எரிந்துகொண்டேதான் இருந்தது. வளைவில் நின்றால் தனக்குத் தெரியாத ஒரு பல்பை, தெரியாவிட்டாலும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அங்கே வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு வண்டியை நிறுத்தியிருக்கிறார். இதைத்தான் எனக்குக் காட்ட வேண்டும் என்று புதுக் கார்டு கேட்டார். கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நான் சொன்னேன்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் லைட் போடுகிற பொத்தான் இருக்கிறது. இரண்டு தரம் அணைத்துப் போட்டேன். எதிரே பல்பு அது பாட்டுக்கு எரிந்தது.

இழுப்பறையைத் திறந்து அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்தேன். திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"அன்னைக்குப் பல்பு பீஸ் போகலைங்க. நாந்தான் போடல."